காவலுக்குப் போனவன்

பத்தாந் தரத்துக்கு இரண்டாம் உலக யுத்தம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஹிட்லர், சேர்ச்சில் என்று பெயர்களை அடுக்கினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அந்த யுத்தம் நமது நாட்டுக்கும் வந்து போனது என்று சொன்னால் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. குண்டு சுமந்து வந்தவை 91. அவற்றுக்குக் காவலாக வந்தவை 36 சீரோ விமானங்கள். இலக்கு துறைமுகம். ஆயினும் அங்கொடை மனநோயாளர் வைத்தியசாலையிலும் குண்டு விழுந்தது. யுத்தம் நடப்பதையே அறியாத நோயாளிகள் சிலர் அங்கே மாண்டு போனார்கள்.

இதைச் சொல்லி முடித்ததும் பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்தான். அதிகம் பேசாத பிள்ளை.

"சேர், குண்டு போட்டவன் பாவி எண்டா, அவனுக்குக் காவலுக்கு வந்தவன் ஆரு?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மணி அடித்தது எனக்கு வாய்ப்பாகப் போயிற்று. அன்றைக்குத் தப்பித்துக்கொண்டேன். கேள்வி என்னை விடவில்லை.

காவல் விமானம் என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். குண்டு விமானம் பெரியது, பாரமானது, வேகங் குறைந்தது. எதிரியின் சண்டை விமானம் சிறியது, சுழன்று திரும்பக் கூடியது. யானையை ஓநாய்கள் சூழ்வதைப் போல அவை வந்து சூழ்ந்துகொள்ளும். எனவே யானையோடு கூடச் சென்று ஓநாய்களை விரட்ட இன்னொரு சிறிய விமானம் தேவை. அதில் குண்டு கிடையாது, இயந்திரத் துப்பாக்கிகள் மட்டுமே. கீழே இருக்கும் ஊருக்கும் அதற்கும் நேரடிக் கணக்கு எதுவும் இல்லை. அதன் விமானியின் கண் எப்போதும் மேலேயும் பக்கங்களிலும் பின்னாலும்தான் இருக்கும். கீழே பார்ப்பது அவன் வேலையல்ல.

இப்படி ஒரு காவல் தேவையே இல்லை என்றுதான் ஆரம்பத்தில் எண்ணினார்கள். 1921இல் இத்தாலியத் தளபதி ஜூலியோ டூஹே, வருங்கால யுத்தத்தைக் குண்டு விமானங்களே தீர்மானிக்கும் என்று எழுதினார். குண்டு விமானம் எப்படியும் தடை தாண்டி வந்தே தீரும் என்று 1932இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் ஸ்டான்லி போல்ட்வின் எச்சரித்தார். யுத்தம் தொடங்கி நான்கு மாதம் முடியுமுன் அந்த எண்ணம் உடைந்தது. 1939 டிசம்பர் 18 அன்று ஜேர்மனியின் வட கடற்கரைக்குப் பட்டப்பகலில் காவலின்றிச் சென்ற 22 வெலிங்டன் விமானங்களில் 12 அழிந்தன.

அடி வாங்கிய பிரித்தானியர் இரவுக்குள் ஒளிந்துகொண்டார்கள். இருட்டில் விமானம் தப்பும், ஆனால் இலக்குத் தெரியாது. 1941 ஓகஸ்டில் விமானப் புகைப்படங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை தயாரித்தார்கள். இலக்கைத் தாக்கியதாகப் பதிவான விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கின் ஐந்து மைல் எல்லைக்குள்ளாவது குண்டு போட்டிருந்தது. இந்த உண்மை தெரிந்ததும் செய்திருக்க வேண்டியது என்ன? நடந்தது வேறு. தொழிற்சாலையைக் குறிபார்க்க முடியாவிட்டால் நகரத்தையே குறியாக்குவோம் என்று 1942 பெப்ரவரியில் கட்டளை பிறந்தது. எதிரி நாட்டுத் தொழிலாளரின் மனவுறுதியை உடைப்பதே நோக்கம் என்று அதில் எழுதப்பட்டது. 1943 ஜூலையில் ஹம்பேர்க் நகரம் எரிந்தபோது 35,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆகவே என் மாணவனுக்கு எடுத்த எடுப்பில் ஒரு பதிலைச் சொல்லிவிட முடியாது. காவல் இல்லாமையும் ஓர் அநியாயத்துக்கு வழி திறந்திருக்கிறது. காவல் இருந்திருந்தால் பகலில் சென்று, கண்ணால் பார்த்து, தொழிற்சாலையை மட்டும் தாக்கியிருக்கலாமே என்று ஒருவர் வாதிட இடமுண்டு.

அந்த வாதத்தைச் சீனத்து சோங்சிங் நகரத்தில் வைத்துப் பார்ப்போம். சீனாவின் யுத்தகாலத் தலைநகரம் அது. ஜப்பான் 1938 முதல் அதன் மீது குண்டு போட்டு வந்தது. தூரம் அதிகமென்பதால் ஜப்பானின் பழைய சண்டை விமானங்களால் அங்கு வரை கூடப்போக முடியவில்லை. சீன விமானிகள் மேலெழுந்து தாக்கினார்கள், குண்டு விமானங்களும் விழுந்தன. அப்போது ஜிரோ ஹொரிகோஷி என்ற பொறியியலாளர் மிட்சுபிஷிக்காக வடிவமைத்த சீரோ வந்து சேர்ந்தது. பாரம் குறைய வேண்டுமென்று விமானியைக் காக்கும் இரும்புத் தகட்டைக்கூட அதில் வைக்கவில்லை. வயிற்றின் கீழே மேலதிக எரிபொருள் தாங்கி ஒன்றைக் கட்டிக்கொண்டு நெடுந்தூரம் பறந்தது. 1940 செப்டெம்பர் 13 அன்று குண்டு விமானங்களுக்குக் காவலாக 13 சீரோக்கள் அந்நகருக்குச் சென்றன. எதிர்த்து வந்த சீன விமானங்களில் பல வீழ்ந்தன. சீரோ ஒன்றுகூட விழவில்லை.

அதன் பிறகு அந்த நகரத்து வானத்துக்குப் பாதுகாப்பு இல்லாமற் போயிற்று. 1941 ஜூன் 5 அன்று இரவு, தாக்குதல் மணிக்கணக்காக நீண்டபோது, சுரங்கத்துக்குள் ஒதுங்கியிருந்த பல நூறு பேர் மூச்சுத் திணறியும் நெரிபட்டும் இறந்தார்கள். தாய்மார், பிள்ளைகள் என்று அள்ளி எடுத்தார்கள். ஒன்பது மாதங்களுக்கு முன் அந்த வானத்தைத் துடைத்துக் கொடுத்த சீரோ விமானிகள் இவர்களில் ஒருவரையும் கொல்லவில்லை. தங்கள் தோழர்களைத்தான் காப்பாற்றினார்கள்.

அமெரிக்கரின் கதை இன்னும் நுணுக்கமானது. அவர்களுடைய பி-17 விமானத்துக்குப் "பறக்கும் கோட்டை" என்று பெயர். பத்துப் பேர் ஏறுவார்கள். பின்னால் வந்த வகையில் 13 இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. கோட்டைக்கு எதற்குக் காவல் என்ற நினைப்பில் பகலிலேயே போனார்கள். 1943 ஓகஸ்ட் 17 அன்று ஷ்வைன்ஃபுர்ட், ரேகன்ஸ்பேர்க் என்ற இரண்டு ஊர்களுக்குச் சென்று 60 விமானங்களை இழந்தார்கள். ஒக்டோபர் 14 அன்று மீண்டும் ஷ்வைன்ஃபுர்ட். சென்றவை 291, மீண்டும் 60 விமானங்கள் விழுந்தன. ஒரே நாளில் 600க்கு மேற்பட்ட இளைஞர்கள் முகாமுக்குத் திரும்பவில்லை. கூடச் சென்ற காவல் விமானங்கள் ஜேர்மன் எல்லையை அண்டியதும் எண்ணெய் போதாமல் திரும்பிவிட்டன. அவை திரும்பும் வரை காத்திருந்த ஜேர்மன் விமானங்கள் அதன் பிறகு பாய்ந்தன.

இதற்குக் கிடைத்த தீர்வுகளில் ஒன்று காகிதம். கடதாசியையும் பசையையும் சேர்த்து அழுத்தி, 108 கலன் கொள்ளும் தாங்கிகளைப் பிரித்தானியாவில் செய்தார்கள். பெற்றோலை நெடுநேரம் விட்டு வைத்தால் பசை கரைந்துவிடும். ஆகவே புறப்படுவதற்குச் சற்று முன் நிரப்பி, வழியில் முதலில் அதைக் குடித்துத் தீர்த்து, சண்டை வந்ததும் கழற்றி எறிந்துவிடுவார்கள். மற்றத் தீர்வு மஸ்டாங் விமானம். 1940இல் பிரித்தானியரின் தேவைக்காக 102 நாட்களில் அதன் முதல் உடலைக் கட்டி முடித்தது ஓர் அமெரிக்கக் கம்பெனி. முதலில் பூட்டிய எஞ்சினுக்கு உயரத்தில் மூச்சு வாங்கியது. 1942இல் அதை ஓட்டிப் பார்த்த ரோல்ஸ் ரொய்ஸ் விமானி ரொனால்ட் ஹாக்கர், தமது கம்பெனியின் மேர்லின் எஞ்சினைப் பூட்டிப் பார்க்கச் சொன்னார். விமானிக்குப் பின்னால் ஒரு தாங்கி, இறக்கைகளின் கீழ் இரண்டு தாங்கிகள். 1943 டிசம்பரில் காவலுக்கு வந்த மஸ்டாங், 1944 மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து பேர்ளின் வரை கூடச் சென்று கூடவே திரும்பியது. போக மட்டும் 500 மைலுக்கு மேல்.

வானொலியில் குண்டு விமானத்தவர் காவல் விமானங்களை அழைத்த பெயர் "சின்னத் தோழர்கள்". காவலர் அவர்களை அழைத்தது "பெரிய தோழர்கள்". இந்த ஒரு சொல்லில் இருக்கும் அன்பை நான் குறைத்து மதிக்க மாட்டேன். குளிரில் விறைத்து, முன்னே சென்ற விமானம் தீப்பற்றி விழுவதைக் கண்ணெதிரே பார்த்திருக்கும் இருபது வயதுப் பையனுக்கு, பக்கத்தில் ஒரு மஸ்டாங் வந்து இறக்கையை ஆட்டுவது தாயின் முகத்தைக் காண்பது போல் இருந்திருக்கும்.

இந்தக் காவலர்களில் ஒரு கூட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இத்தாலியிலிருந்து பறந்த 332ஆம் பிரிவு முழுக்கக் கறுப்பின அமெரிக்க விமானிகளைக் கொண்டது. வாலில் சிவப்பு நிறம் பூசியிருந்தார்கள். தளபதி பெஞ்சமின் டேவிஸ் இராணுவக் கல்லூரியில் படித்த நான்கு ஆண்டுகளும், கறுப்பர் என்ற காரணத்தால் சக மாணவர்கள் கடமையைத் தவிர ஒரு வார்த்தையும் அவரோடு பேசவில்லை. அவரோ, எதிரியைத் துரத்திப் புகழ் தேடாமல் குண்டு விமானங்களை விட்டு நகராதிருக்க வேண்டும் என்று தம் விமானிகளைக் கட்டுப்படுத்தினார். அவர்கள் காத்த விமானம் ஒன்றுகூட எதிரி விமானத்தால் விழவில்லை என்று நெடுங்காலம் பேசப்பட்டது. பிற்கால ஆய்வு 27 விழுந்ததைக் காட்டியது. அப்படியும் அவர்கள் பணி சிறந்ததுதான். தம்மை ஒதுக்கி வைத்தவர்களின் உயிரை, கொடுத்த அமானிதமாக நினைத்துக் காத்தார்கள். இதில் ஒரு குறையைக் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

காவலின் பொருள் மாறிய நாளும் ஒன்று உண்டு. 1944 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்த அமெரிக்க எட்டாவது விமானப்படையின் தலைமையை ஜெனரல் டூலிட்டில் ஏற்றார். சண்டை விமானத் தலைமையகத்தின் சுவரில் ஓர் அறிவிப்புத் தொங்கியதைக் கண்டார். குண்டு விமானங்களை உயிரோடு திருப்பிக் கொண்டுவருவதே நமது முதற்கடமை என்பது அதன் கருத்து. அதை எடுக்கச் சொன்னார். ஜேர்மன் சண்டை விமானங்களை அழிப்பதே முதற்கடமை என்று மாற்றி எழுதுவித்தார். குண்டு விமானத்தவர் கொதித்துப் போனார்கள். கூட நின்ற காவலன் இப்போது வேட்டைக்காரன், தாங்கள் அவனுக்குத் தூண்டில் இரை என்பது அவர்களுக்கு விளங்கிவிட்டது. யுத்தக் கணக்கில் டூலிட்டிலின் முடிவு பலித்தது. அந்த வசந்த காலத்தில் ஜேர்மன் விமானப்படை தன் அனுபவமுள்ள விமானிகளை இழந்தது. ஜூன் 6 அன்று நோர்மண்டியில் படை இறங்கியபோது வானத்தில் பெரிய எதிர்ப்பு இருக்கவில்லை.

வானம் திறந்த பின் நடந்தவற்றையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டும். காவல் இருந்தால் பகலில் பார்த்துக் குறிவைக்கலாம் என்ற வாதத்தை மேலே சொன்னேன். பகலில் சென்றவர்களும் மேகம் மூடிய நாட்களில் ரேடாரை நம்பி, நகரத்தின் நடுவே குண்டைக் கொட்டினார்கள். 1945 பெப்ரவரி 13 அன்று இரவு பிரித்தானியரும், மறுநாள் பகல் மஸ்டாங் காவலோடு அமெரிக்கரும் டிரெஸ்டன் நகரைத் தாக்கினார்கள். இறந்தோர் 25,000 வரை என்று நகரசபை அமைத்த வரலாற்றாசிரியர் குழு 2010இல் முடிவு சொன்னது. அடுத்த மாதம் டோக்கியோவுக்கு இரவில் சென்ற பி-29 விமானங்கள் காவலைக் கொண்டு போகவில்லை. பாரங் குறைக்கப் பெரும்பாலான துப்பாக்கிகளையும் கழற்றி வைத்துவிட்டே போயின. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் ஒரே இரவில் எரிந்தார்கள். ஓகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவுக்கு மேலே மூன்றே விமானங்கள் வந்தன. அவற்றோடு காவல் விமானம் ஒன்றும் இல்லை. எதிர்க்க ஆளில்லாத வானத்தில் காவல் எதற்கு?

இனி மாணவனின் கேள்விக்கு வருவோம். காவலுக்குப் போனவன் தன் தரப்பில் மூன்று நியாயங்களைச் சொல்வான்.

முதலாவது, என் நிய்யத் உயிரைக் காப்பது. செயல்கள் எண்ணத்தைக் கொண்டே அமைகின்றன என்று படித்து வளர்ந்த நமக்கு இது பலமான வாதம். ஆனால் நிய்யத் என்பது நமக்கு விருப்பமான பாதியை மட்டும் நினைப்பதல்ல. விமானம் எதைச் சுமந்து போகிறது என்று தெரிந்துகொண்டே, "நான் விமானத்தை மட்டுமே காக்கிறேன், சுமையைக் காக்கவில்லை" என்று சொல்ல முடியுமா? பத்துப் பேரின் உயிரைக் காத்த கை, அவர்கள் சுமந்ததையும் இலக்கு வரை கொண்டுபோய்ச் சேர்த்த கைதான்.

இரண்டாவது, இலக்கைத் தெரிவு செய்தவன் நானல்ல. உண்மை. சாதாரண விமானியின் பங்கு தளபதியின் பங்குக்குச் சமமாகாது. அறிவும் அதிகாரமும் எவ்வளவோ, பொறுப்பும் அவ்வளவே. இருபது வயதுப் பையனைக் குற்றக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை.

மூன்றாவது, எதிரி ஒரு ளாலிம். ஹிட்லரின் கொலைமுகாம்களை நினைத்தால் இதையும் மறுக்க முடியாது. அந்த அநியாயத்தை எதிர்த்து நின்றது சரியே. அநியாயக்காரனை எதிர்ப்பவனுக்கும் எல்லை உண்டு என்பதுதான் நமது மரபு. படையை வழியனுப்பிய அபூபக்கர் (ரலி) அவர்கள் பெண்களையும் பிள்ளைகளையும் முதியவர்களையும் கொல்லக் கூடாது, கனி தரும் மரத்தை வெட்டக் கூடாது என்று கட்டளையிட்டார்கள். எதிரி கெட்டவன் என்பதால் அந்த எல்லை தளர்ந்து போகவில்லை.

மூன்று நியாயங்களையும் நிறுத்துப் பார்த்த பிறகும் ஒரு விஷயம் மீதமிருக்கிறது. 1943 ஒக்டோபரில் ஷ்வைன்ஃபுர்ட் அடிக்குப் பின், காவல் கிடைக்கும் வரை ஜேர்மனியின் உட்பகுதிக்குப் போவதை அமெரிக்கர் நிறுத்தி வைத்தார்கள். அதாவது காவலன் வராவிட்டால் பயணம் இல்லை. ஒரு செயல் யாரில்லாமல் நடக்காதோ, அவர் அந்தச் செயலுக்கு வெளியே நிற்கும் பார்வையாளர் அல்ல. அவருடைய பலமும் அதுவே. கூட வருவதற்கு முன் "எங்கே போகிறோம்?" என்று கேட்கும் உரிமை மற்ற எவரையும் விட அவருக்குத்தான் அதிகம். அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவ வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தபோது தோழர்கள் திகைத்தார்கள். அவனுடைய கையைத் தடுப்பதுதான் அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கம் கிடைத்தது. காவலுக்கு இதைவிட ஆழமான பொருளை நான் எங்கும் காணவில்லை. தோழனை எதிரியிடமிருந்து காப்பது ஒரு காவல். அவன் செய்யப்போகும் அநியாயத்திலிருந்து அவனைக் காப்பது இன்னொரு காவல். முதலாவதைத் திறம்படச் செய்பவர்கள் பலர் இரண்டாவதை நினைப்பதே இல்லை.

இவ்வளவையும் எழுதியவன் தன்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் எனக்கு வேண்டிய ஒருவர் தன் மகனுக்குப் பெண் பேசப் போகும்போது என்னையும் அழைத்தார். "சேர் வந்து சபையில இருந்தாக் காணும். கதைக்கிறதெல்லாம் நாங்க கதைப்பம்" என்றார். போனேன். வீடும் காசும் கேட்டார்கள். பெண்ணின் வாப்பா மீன்பிடித் தொழிலாளி. அவர் ஒவ்வொரு தொகைக்கும் என் முகத்தைத்தான் பார்த்தார். பாடசாலையில் தன் பிள்ளைக்குப் படிப்பித்த சேர் ஏதாவது சொல்வார் என்று நினைத்திருக்கக் கூடும். நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சதமும் நான் கேட்கவில்லை. நான் அங்கே இருந்தபடியால் அந்தக் கேள்விக்கு ஒரு மரியாதை கிடைத்தது. நான் போகாதிருந்தால், அல்லது போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவ்வளவு கேட்க அவர்களுக்கே கூச்சம் வந்திருக்கும்.

பின்வாங்குப் பிள்ளையின் கேள்வி என்னை ஏன் விடவில்லை என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

அடுத்த வாரம் வகுப்பில் அவனை எழுப்பிப் பதில் சொன்னேன். காவலுக்கு வந்தவனைக் குண்டு போட்டவனோடு ஒரே தராசில் வைக்க வேண்டாம், அவனை விடுவித்துவிடவும் வேண்டாம், அவன் கீழே பார்த்தானா என்று கேள் என்றேன். அவன் சற்று யோசித்தான்.

"கீழ பாத்தா மேல வாறவன் சுட்டுப் போடுவானே, சேர்?"

ஓம் மகன், அதுதான் கஷ்டம் என்றேன். அதற்கு மேல் அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் பெண்ணின் வாப்பா முன்னால் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாளில், நிமிர்ந்து பார்த்திருந்தால் என்னைச் சுட அங்கே ஒருவரும் இருக்கவில்லை. அந்த வித்தியாசத்தை நான் அவனுக்குச் சொல்லவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.